மின்சார ஜாஸ்: தட்டும் மேடையும் மறுவெளியீடும்

ஜாஸ் சங்கீதத்தின் சரித்திரத்தில் 1969 முதல் 1975 வரையிலான ஆறேழு வருஷங்களைப் போல ரசிகர்களை இரண்டு கட்சிகளாகப் பிரித்து, இன்றுவரை ஒன்றுசேர விடாமல் வைத்திருக்கும் காலம் வேறொன்று இல்லை. மின்சாரக் கித்தாரையும் மின்சாரப் பியானோவையும் ராக் இசையின் தாளக்கட்டையும் ஜாஸுக்குள் கொண்டுவந்த அந்த முயற்சிக்கு ஃபியூஷன் என்ற பெயர் நிலைத்தது. சந்தைக்குச் செய்த சரணாகதி என்று ஒரு சாரார் அதை இகழ்ந்தார்கள்; தேங்கிப்போன கலைக்குப் புதுரத்தம் பாய்ச்சியது என்று மறு சாரார் கொண்டாடினார்கள். இரு சாராருமே அன்று கடையில் கிடைத்த தட்டுகளை மட்டும் சாட்சியாக வைத்துக்கொண்டு வாதாடினார்கள் என்பதைத்தான் நாம் கவனிக்க வேண்டும். அந்த வித்வான்கள் மேடையில் வாசித்தவற்றுள் பெரும்பகுதி கம்பெனிக் கிடங்குகளிலே உறங்கிற்று. சில, ஜப்பானில் மட்டும் வெளியாகி அங்கேயே நின்றுவிட்டன. 1990-களில் தொடங்கித்தான் அவை ஒவ்வொன்றாக உலகத்தின் செவிக்கு எட்டின. ஆகையால் ஸ்டுடியோத் தட்டு, நேரடிப் பதிவு, மறுவெளியீடு என்ற மூன்றையும் சேர்த்துக் கேட்ட பின்னரே இத்துறையைப் பற்றித் தீர்ப்புச் சொல்வது நியாயம். அவ்விதம் கேட்டவர்கள், ஃபியூஷனின் ஜீவன் மேடையிலேதான் இருந்தது என்ற முடிவுக்கு வந்தே தீரவேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம்.

ஸ்டுடியோவின் தரப்பிலும் பலமான சாட்சியம் உண்டு. 1969 பிப்ரவரி 18-ஆம் தேதி நியூயார்க்கில் டிரம்பெட் வித்வான் மைல்ஸ் டேவிஸ் ஏழு வித்வான்களைக் கூட்டிப் பதிவு செய்த ‘இன் எ சைலண்ட் வே’ ஸ்டுடியோத் தட்டுகளுள் தலைசிறந்தது. ஹெர்பி ஹான்காக், சிக் கொரியா, ஜோ ஸாவினுல் ஆகிய மூவரும் மின்சாரப் பியானோக்களிலும் ஆர்கனிலும் அமர்ந்திருக்க, சில நாட்களுக்கு முன்னர்தான் இங்கிலாந்திலிருந்து வந்திறங்கியிருந்த ஜான் மெக்லாக்லின் கித்தாரைக் கையில் ஏந்தியிருந்தார். ஸாவினுல் இயற்றிக் கொண்டுவந்த மெட்டில் ஸ்வரக்கட்டுகள் மாறிக்கொண்டே இருந்தன. மைல்ஸ் அவற்றையெல்லாம் களைந்துவிட்டு, ஒரே ஆதாரத்தின் மேல் அந்த ராகச்சாயை மிதந்து செல்லும்படி செய்தார். பதிவு முடிந்த பின் தயாரிப்பாளர் டியோ மசேரோவின் கத்தரிக்கோல் வேலை தொடங்கியது. இரண்டாம் பக்கத்தின் ஆரம்பத்தில் நாம் கேட்கும் அந்தச் சாந்தமான மெட்டு, நடுவில் வரும் விறுவிறுப்பான பகுதிக்குப் பின் மீண்டும் ஒலிக்கிறது. மறுபடி வாசித்தார்கள் என்று நாம் எண்ணுகிறோம், ஆனால் அது அதே நாடாவை மறுமுறை ஒட்டியதுதான். முதல் பக்கத்திலும் இதே உத்தி. ஏறத்தாழ 38 நிமிஷங்களே ஓடும் அத்தட்டு, வாசிப்பும் வெட்டி ஒட்டுதலும் சேர்ந்து உருவான ஒரு சிருஷ்டி. இதை மோசடி என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

அந்தப் பதிவில் இருந்த டிரம்ஸ் வித்வான் டோனி வில்லியம்ஸ், அதே மெக்லாக்லினையும் ஆர்கன் வித்வான் லாரி யங்கையும் சேர்த்துக்கொண்டு, மூன்று மாதங்களுக்குப் பின் ‘எமர்ஜென்ஸி!’ என்ற இரட்டைத் தட்டை உருவாக்கினார். அதில் ஒலி கரகரத்து உடைகிறது என்பது பழைய குற்றச்சாட்டு, உண்மைதான். ஆயினும் அந்த உக்கிரத்தை மெருகேற்றிக் கேட்க நான் விரும்பமாட்டேன்.

1969 ஆகஸ்ட் 19, 20, 21 ஆகிய மூன்று தினங்களில் பதிவாகி, 1970-இல் வெளிவந்த ‘பிட்சஸ் ப்ரூ’ ஃபியூஷனின் மூலநூல் என்று மதிக்கப்படுகிறது. அதன் முதல் பக்கம் முழுவதையும் நிறைக்கும் ‘ஃபேரோஸ் டான்ஸ்’ மட்டும் 19 இடங்களில் வெட்டி ஒட்டப்பட்டது என்று ஆராய்ந்தவர்கள் கணக்கெடுத்திருக்கிறார்கள். பென்னி மாப்பினின் பாஸ் கிளாரினெட் அடியில் ஊர்ந்து வர, இரண்டு டிரம்ஸ்களும் பல மின்சாரப் பியானோக்களும் ஒன்றோடொன்று பின்னி முயங்கும் அந்த அடர்த்தி அபூர்வமானதே. எனினும், எத்தனை முறை கேட்டாலும், இவர்கள் இதைச் சபையின் முன் இடைவிடாமல் வாசித்தால் எப்படியிருக்கும் என்ற ஆவல் மனத்தில் எழாமல் போவதில்லை.

அந்த ஆவலுக்கு விடை அடுத்த ஆண்டிலேயே கிடைத்திருக்க வேண்டியது. 1970 ஜூன் 17 முதல் 20 வரை நான்கு இரவுகள், ராக் ரசிகர்களின் கோயிலாக விளங்கிய நியூயார்க் ஃபில்மோர் ஈஸ்ட் அரங்கில் மைல்ஸ் வாசித்தார். கொரியாவும் கீத் ஜாரெட்டும் எதிரெதிரே அமர்ந்து மின்சாரப் பியானோவையும் ஆர்கனையும் மோதவிட்டார்கள். நான்கு இரவுகளையும் நான்கு பக்கங்களாகச் சுருக்கி, ஒவ்வொன்றுக்கும் அந்தந்தக் கிழமையின் பெயரையே சூட்டி, இரட்டைத் தட்டாக மசேரோ வெளியிட்டார். இங்கேதான் அவருடைய கத்தரி எல்லை மீறிற்று என்பேன். ஏனெனில், அந்நாளைய மைல்ஸ் கச்சேரியின் உயிர்நிலையே அதன் தொடர்ச்சியில் இருந்தது. உருப்படிக்கும் உருப்படிக்கும் இடையே நிறுத்தமில்லாமல், டிரம்பெட்டில் அடுத்ததன் ஒரு சிறு பிடியை அவர் வாசித்த மாத்திரத்தில் குழு முழுவதும் அந்தத் திசையில் திரும்பும். அந்தத் திருப்பங்களையே வெட்டிவிட்டால் மிஞ்சுவது துணுக்குகள்தாம். 2014-இல் நான்கு இரவுகளும் முழுமையாக நான்கு குறுந்தகடுகளில் வந்தபோதுதான், அந்தக் குழுவின் கட்டுக்கோப்பு எவ்வளவு உறுதியானது என்பது புலப்பட்டது.

வாஷிங்டனில் செல்லர் டோர் என்ற சிறிய கிளப்பில் அதே ஆண்டு டிசம்பர் 16 முதல் 19 வரை நடந்த கச்சேரிகளின் கதையும் இதுவே. கடைசி நாளான சனிக்கிழமை மட்டும் மெக்லாக்லின் வந்து கலந்துகொண்டார். 1971-இல் வெளியான ‘லைவ்-ஈவில்’ அந்த ஒரு நாளின் வாசிப்பிலிருந்து எடுத்த பகுதிகளையும் சில ஸ்டுடியோப் பதிவுகளையும் கலந்து அமைந்தது. அதனால், கித்தார் இல்லாத முந்தைய நாட்களில், மின்சார வாத்தியங்களை உள்ளூர விரும்பாத ஜாரெட் தனியொருவராக அமர்ந்து அந்த வாத்தியங்களிலிருந்தே எழுப்பிய கற்பனைப் பிரவாகம், 2005-இல் ஆறு குறுந்தகடுகள் வரும் வரை பொதுமக்களுக்குக் கிட்டவேயில்லை. மைக்கேல் ஹெண்டர்சனின் பாஸ் ஒரே வட்டத்தை அசையாமல் சுழற்ற, ஜாக் டிஜானெட் அதன் மேல் தாளத்தை உடைத்து உடைத்துக் கட்டும் அந்த நாட்களைக் கேட்டவர்கள், மின்சாரம் வந்ததும் ஜாஸ் தன் மனோதர்மத்தை இழந்தது என்ற வாதத்தை மறுபடியும் எழுப்ப மாட்டார்கள்.

இவற்றுக்கெல்லாம் சிகரமாக நான் கருதுவது ஒசாகா கச்சேரிகளை. 1975 பிப்ரவரி 1-ஆம் தேதி ஒசாகா ஃபெஸ்டிவல் ஹாலில் பிற்பகல் ஒரு கச்சேரி, மாலையில் மற்றொன்று. முன்னது ‘அகார்த்தா’ எனவும் பின்னது ‘பேஞ்சியா’ எனவும் இரண்டு இரட்டைத் தட்டுகளாயின. இடுப்பு வலியாலும் வேறு நோய்களாலும் அவதியுற்ற நிலையில் மைல்ஸ் வாசித்த நாள் அது. அந்த ஆண்டு முடிவதற்குள்ளேயே மேடையை விட்டு விலகியவர், 1981-இல்தான் திரும்பினார். பீட் கோஸியின் கித்தார் அன்று எழுப்பிய ஒலிகளுக்கு முன்மாதிரி ஜாஸிலும் இல்லை, ராக்கிலும் இல்லை. ரெஜ்ஜி லூகாஸ் பக்கத்தில் நின்று தாளக்கித்தாரை விடாது பிடித்திருக்க, அல் ஃபாஸ்டரின் டிரம்ஸ் புயலைப் போல வீச, சானி ஃபார்ச்சூனின் புல்லாங்குழல் வந்து அமைதியைப் பரப்பும் இடங்களில் அந்த உக்கிரமே கருணையாக மாறிவிடுகிறது. இதை அக்காலத்து அமெரிக்க விமரிசகர் பலர் குழப்பம் என்று தள்ளினார்கள். ‘பேஞ்சியா’ அமெரிக்காவில் வெளிவர 1990 வரை காத்திருக்க வேண்டியிருந்தது; 1974 மார்ச்சில் கார்னகி ஹாலில் பதிவான ‘டார்க் மேகஸ்’, 1977-இல் ஜப்பானில் வந்து, தான் பிறந்த நாட்டுக்கு 1997-இல்தான் போய்ச் சேர்ந்தது. ஜப்பானிய ரசிகர்களுக்கும் பதிப்பாளர்களுக்கும் ஜாஸ் உலகம் பட்டிருக்கும் கடன் சாமான்யமானதன்று.

அந்தக் கடனின் பட்டியலில் வேறு இரண்டையும் சேர்க்க வேண்டும். ஸாவினுலும் வேய்ன் ஷார்ட்டரும் நடத்திய வெதர் ரிப்போர்ட் குழு 1972 ஜனவரியில் டோக்கியோவில் வாசித்த கச்சேரி அங்கே இரட்டைத் தட்டாக முழுமையாக வந்தது; மற்ற தேசத்தாருக்கோ அதன் சில பகுதிகள், ‘ஐ சிங் த பாடி எலெக்ட்ரிக்’ தட்டின் இரண்டாம் பக்கத்தில் மட்டும் கிடைத்தன. ஹான்காக்கின் ‘ஃப்ளட்’ என்ற 1975-ஆம் வருஷத்துக் கச்சேரிப் பதிவும் நெடுங்காலம் ஜப்பானை விட்டு வெளியேறவில்லை. அவருடைய ‘ஹெட் ஹண்டர்ஸ்’ பெற்ற புகழைவிட ‘ஃப்ளட்’ அதிகம் பெறத் தகுதியுடையது என்பேன்.

மெக்லாக்லினின் மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ரா விஷயத்தில் மேடைக்கும் ஸ்டுடியோவுக்கும் நேரடியான போட்டியே நடந்திருக்கிறது. 1973 ஜூனில் லண்டன் ட்ரைடண்ட் ஸ்டுடியோவில் அவர்கள் மூன்றாவது தட்டுக்காகப் பதிவு செய்தது, குழுவுக்குள் மூண்ட மனஸ்தாபத்தால் கைவிடப்பட்டது. அந்த உருப்படிகளில் மூன்றை ஆகஸ்டில் நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் வாசித்து நேரடித் தட்டாக வெளியிட்டார்கள். கைவிடப்பட்ட நாடா 1999-இல் வெளிவந்தது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பார்த்தேன்; ஸ்டுடியோப் பதிவில் ஒழுங்கு மிகுதி, மேடையில் ஆவேசம் மிகுதி. ஆவேசத்துக்கே என் ஓட்டு.

தமிழ் வாசகர்களுக்கு இந்தச் சரித்திரத்தில் சொந்தமான ஒரு பக்கமும் இருக்கிறது. மகாவிஷ்ணு கலைந்த பின், மெக்லாக்லின் மின்சாரத்தையே துறந்து, வயலின் எல். சங்கர், தபேலா ஜாகிர் ஹுசேன், கடம் விக்கு விநாயக்ராம், மிருதங்கம் ராமநாதபுரம் ராகவன் ஆகியோருடன் சக்தி என்ற குழுவை அமைத்தார். அதற்கு முன்பே அவர் அமெரிக்காவில் டாக்டர் எஸ். ராமநாதனிடம் வீணை பயின்றிருந்தார். சக்தியின் முதல் தட்டு ஸ்டுடியோவில் பிறக்கவில்லை என்பதை நாம் பெருமையோடு நினைக்கலாம். 1975 ஜூலை 5-ஆம் தேதி, நியூயார்க் மாகாணத்தின் சவுத்ஹாம்ப்டன் கல்லூரியில் நடந்த கச்சேரியே அப்படியே தட்டாயிற்று. மூன்றே உருப்படிகள்; அவற்றுள் ஒன்று ஏறக்குறைய அரை மணி நேரம். சங்கரின் வில்லும் மெக்லாக்லினின் விரலும் கேள்வி பதிலாகச் சுருங்கிக்கொண்டே வந்து, கடமும் மிருதங்கமும் தபேலாவும் தீர்மானத்தில் கூடும் இடம், தனி ஆவர்த்தனத்துக்குப் பழகிய செவிக்கு எந்த விளக்கமும் இன்றியே விளங்கும். பின்னர் ஸ்டுடியோவில் பதிவான ‘நேச்சுரல் எலிமெண்ட்ஸ்’ சுருக்கமும் நயமும் உடையது. முதல் தட்டின் துணிவு அதில் இல்லை.

மறுவெளியீட்டுக்காரர்கள் செய்த உபகாரத்தை இவ்வளவு சொன்ன பின், அவர்கள் வரம்பு மீறிய இடங்களையும் சொல்லியாக வேண்டும். பிழை திருத்துவது அவர்கள் கடமை. மைல்ஸின் ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’ தட்டின் முதல் பக்கம், பதிவுக் கருவி மெதுவாக ஓடிய காரணத்தால் முப்பது வருஷங்களுக்கு மேல் சுருதி சற்று உயர்ந்தே ஒலித்து வந்தது. 1990-களில் அதைச் சரிசெய்தார்கள், நல்லது. 1956 நியூபோர்ட் விழாவில் டியூக் எலிங்டன் குழு வாசித்ததென்று விற்ற தட்டில் ஒரு பகுதி மறுநாட்களில் ஸ்டுடியோவில் வாசித்தது. அந்த விழாவில் பால் கோன்சால்வெஸ் 27 சுற்றுகள் ஊதிய புகழ்பெற்ற சாக்ஸபோன் வாசிப்பில், அவர் வேறு மைக்கின் முன் நின்றதால் ஒலி மங்கியிருந்தது. அந்த மைக்குக்கு உரிய வானொலி நாடாவைத் தேடிப்பிடித்து, 1999-இல் மெய்யான கச்சேரியை மீட்டது மகத்தான காரியம். ஆனால் 1998-இல் வந்த ‘பிட்சஸ் ப்ரூ’ தொகுதியோ, மூலக் கலவையை ஒதுக்கிவிட்டுப் புதிதாகக் கலந்த ஒலியைத் தந்தது. பல மாதங்கள் கழித்து, 1970 பிப்ரவரி வரை பதிவானவற்றையும் அதே தலைப்பின் கீழ்ச் சேர்த்தது. ‘இன் எ சைலண்ட் வே’யின் 2001-ஆம் வருஷத் தொகுதி இதற்கு நேர்மாறான உதாரணம்: வெட்டப்படாத வாசிப்புகளையும், ஸாவினுலின் பழைய ஸ்வரக்கட்டுகளோடு கூடிய ஒத்திகையையும் தந்து, அவற்றோடு மசேரோ முடித்துக் கொடுத்த தட்டையும் மாறாமல் வைத்தது.

பதிப்பாளர்கள் இந்த இரண்டாவது வழியையே விதியாகக் கொள்ள வேண்டும்: கிடங்கிலுள்ள கச்சேரி நாடாக்களை முழுமையாகக் கொடுங்கள், முதலில் வந்த தட்டை அதன் உருக்குலையாமல் பக்கத்திலே வையுங்கள். இத்துறைக்குப் புதிதாக வரும் வாசகர்களிடம் என் வேண்டுகோள், முதலில் ‘இன் எ சைலண்ட் வே’யைக் கேட்டுவிட்டு, பிறகு ஓய்வான ஒரு நாளில், ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஓடும் ‘அகார்த்தா’வை நடுவில் நிறுத்தாமல் ஒரே அமர்வில் கேளுங்கள் என்பதே.