ஐயாயிரமா, பத்தாயிரமா?

யாழ்ப்பாணத்தில் சேர்விஸ் முடித்துக் காரை எடுக்கும்போது கண்ணாடி மூலையில் ஒரு சிறு ஸ்டிக்கர் ஒட்டித் தருவார்கள். இன்றைய மீற்றர் வாசிப்பு ஒன்று, அடுத்த சேர்விஸுக்கான வாசிப்பு ஒன்று. இரண்டுக்கும் இடையே பெரும்பாலும் 5,000 கிலோமீற்றர்தான். திருச்சியில் வளர்ந்த என் மருமகனின் மாருதி காரில் இந்த ஸ்டிக்கர் இல்லை. 10,000 கிலோமீற்றர் அல்லது ஓராண்டு, எது முந்துகிறதோ அப்போது அவனுடைய கைப்பேசிக்குச் செய்தி வந்துவிடும். "ஐயாயிரத்துக்கு ஒரு தடவை ஆயில் மாத்துறீங்களா மாமா?" என்று அவன் கேட்டபோது உடனே பதில் சொல்ல முடியவில்லை. யோசித்துப் பார்த்ததில், இரண்டு எண்களையும் எஞ்சின் தீர்மானிக்கவில்லை என்றே படுகிறது.

எங்கள் ஐயாயிரத்துக்குப் பழைய வேர் உண்டு. மொறிஸ் மைனரும் ஒஸ்ரினும் ஓடிய வீதிகள் இவை. அந்தக் கார்களின் முன் சக்கர மூட்டுகளுக்கு அடிக்கடி கிறீஸ் அடித்தே ஆகவேண்டும். அன்றைய ஒயிலும் சீக்கிரம் கறுத்துக் கெட்டுவிடும். பிறகு போர்க்காலத்துப் பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோலைக் கொஞ்சம் காட்டி எஞ்சினை எழுப்பிவிட்டு மண்ணெண்ணெயில் ஓடினோம். எரியாத மண்ணெண்ணெய் கீழே இறங்கி ஒயிலைத் தண்ணீராக்கிவிடும். அப்போது ஒயிலை அடிக்கடி மாற்றியவனின் எஞ்சின்தான் பிழைத்தது. அந்தப் பழக்கத்தை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் இன்று எங்கள் வாசலில் நிற்பவை விட்ஸும் அக்குவாவும் வகன் ஆரும். ஜப்பானில் ஓடி, இங்கே இரண்டாம் கையாக வந்தவை. அவற்றின் கையேடு ஜப்பானிய மொழியில் டாஷ்போர்ட் பெட்டிக்குள் கிடக்கிறது. படிக்க ஆளில்லை. ஆகவே ஒயில் விற்பவர் சொன்ன எண்ணே எங்களுக்கு வேதமாகிவிட்டது.

ஜப்பானில் ரொயோட்டா, டர்போ இல்லாத பெற்றோல் கார்களுக்குச் சொல்வது 15,000 கிலோமீற்றர் அல்லது ஓராண்டு. பக்கத்திலேயே இன்னொரு கணக்கும் உண்டு: கடினப் பாவனை என்றால் 7,500 கிலோமீற்றர் அல்லது ஆறு மாதம். எட்டுக் கிலோமீற்றருக்குள் முடியும் ஓட்டம் மீண்டும் மீண்டும், நின்ற இடத்தில் எஞ்சின் ஓடுவது, புழுதி வீதி, மலை வீதி எல்லாம் கடினப் பாவனைக்குள் வரும். நல்லூரில் இருந்து சந்தைக்கும் பிள்ளையின் பள்ளிக்கூடத்துக்கும் மட்டும் போய்வரும் கார் இதற்குள் அடங்கும். எஞ்சின் சரியாகச் சூடாகுமுன்னே அணைத்துவிடுகிறோம். உள்ளே ஊறும் நீரும் பெற்றோலும் ஆவியாக நேரமில்லை. அந்தக் காருக்கு ஐயாயிரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் இரண்டு வருடம்கூட ஓடிவிடும். அதற்கு ஆறு மாதக் கணக்குத்தான் சரி. ஏ9 வீதியால் கிழமைதோறும் கொழும்பு போய்வரும் காருக்கோ, நல்ல சிந்தெற்றிக் ஒயில் விட்ட பின்னும் ஐயாயிரத்தில் மாற்றுவது காசை ஊற்றிக் கழுவுவதுதான்.

இதைவிட எனக்கு வருத்தம் தருவது ஒயிலின் தடிப்பு. அக்குவாவின் எஞ்சினுக்கு 0டபிள்யூ-20 போன்ற மெல்லிய ஒயிலைத்தான் தயாரித்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். "எங்கட வெயிலுக்குத் தடிப்பான ஒயில்தான் நல்லம்" என்று 20டபிள்யூ-50ஐ விடுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தடித்த ஒயில் காலையில் எழும் எஞ்சினின் மேற்பகுதிக்கு ஏறப் பிந்தும், பெற்றோலையும் கூடத் தின்னும். தவறான ஒயிலை நேரந்தவறாமல் மாற்றுவதில் என்ன பலன்?

இந்தியாவில் கதை வேறு. அங்கேயும் தொடக்கம் மொறிஸ்தான். மொறிஸ் ஒக்ஸ்போர்ட் வழிவந்த அம்பாசடர் கார் 2014 வரை தயாரானது, தெருமுனை மெக்கானிக் ஷெட்டில் சரிசெய்யப்பட்டது. 1983இல் மாருதி 800 வந்தபின் அந்தப் பழக்கம் மாறத் தொடங்கியது. 1,000, 5,000, 10,000 கிலோமீற்றர்களில் இலவச சர்வீஸ், கையில் புத்தகம், கணினியில் பதிவு. அங்கே எண்ணைப் பிடித்துவைத்திருப்பது வாரண்டி. புதுக்கார் வாங்குபவர் அது முடியும்வரை நிறுவன சர்வீஸைவிட்டு விலகத் தயங்குகிறார். 2024 ஜூலையில் மாருதி அதை மூன்று ஆண்டு அல்லது ஒரு லட்சம் கிலோமீற்றர் ஆக்கியது. இந்த ஒழுங்கை நான் மதிக்கிறேன். எந்த நாளில் என்ன மாற்றினார்கள் என்று மருமகன் ஒரு நிமிடத்தில் எடுத்துக் காட்டினான். எங்கள் காரின் சரித்திரமோ ஸ்டிக்கர் கழன்றால் போய்விடும்.

ஆனால் அந்தப் புத்தகத்திலும் கடினப் பாவனைப் பகுதியை யாரும் புரட்டுவதில்லை. சென்னை கத்திப்பாராவிலும் ஓ.எம்.ஆர் சாலையிலும் ஊரும் காரை நினைத்துப் பாருங்கள். மணிக்குச் சராசரி 20 கிலோமீற்றர் என்றால் 10,000 கிலோமீற்றருக்கு எஞ்சின் 500 மணிநேரம் உழைக்கிறது. நெடுஞ்சாலையில் 60இல் ஓடும் காருக்கு அதே தூரம் 167 மணிநேரந்தான். மீற்றரில் இரண்டும் ஒன்று, ஒயிலுக்கு ஒன்றல்ல. எனவே சென்னைக்குள்ளேயே ஓடும் காருக்குப் பத்தாயிரம் அதிகம் என்பது என் முடிவு. அந்த மேலதிக ஒயில் செலவை, சர்வீஸ் அட்வைசர் நீட்டும் எஞ்சின் ஃபிளஷ், ரிம் பாலிஷ் போன்றவற்றை மறுத்தாலே ஈடுகட்டிவிடலாம்.

காரைக் கழுவுவதில் யாழ்ப்பாணத்தை மிஞ்ச முடியாது. காரைத் தூக்கி, அடிப்பாகத்துக்குத் தண்ணீர் அடித்து, கிறீஸ் பூசி, உள்ளே தூசி உறிஞ்சித் தருவார்கள். உப்புக்காற்று வீசும் ஊருக்கு அது தேவை. 2020 மார்ச்சில் இலங்கைக்கு வாகன இறக்குமதி நின்று 2025 பெப்ரவரி வரை தனியார் கார் வராமல் இருந்த காலத்தில், இருந்ததைக் காப்பாற்றியது இந்தக் கவனமும்தான். அதே காலத்தில்தான் "அண்ணை, எயார் ஃபில்டரை ஊதிப் போடட்டோ?" என்ற கேள்வியும் வழக்கமானது. கடதாசி ஃபில்டரை ஓரிரு தடவை, உள்ளிருந்து வெளிப்பக்கமாக, மெதுவாக ஊதலாம். மேலும் ஊதினால் கடதாசி கிழிந்து புழுதி நேரே எஞ்சினுக்குள் போகும். ஒயில் ஃபில்டரை மட்டும் ஒருபோதும் மிச்சம்பிடிக்க வேண்டாம்.

கிலோமீற்றரை எண்ணும் இரண்டு ஊரும் ஒருசேர மறப்பது பிரேக் ஒயிலை. அது ஓடித் தேய்வதில்லை, இருந்த இடத்தில் காற்றின் ஈரத்தை உறிஞ்சிக் கெடும். டொட் 3 வகை, புதிதில் குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்கும். ஈரம் சேர்ந்தபின் 140 பாகை அளவிலேயே கொதிக்கலாம். கண்டிக்குக் கிழக்கே மகியங்கனை வீதியின் ‘18 வளைவு’ப் பகுதியில் இறங்கும்போதோ, கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போதோ பிரேக் சூடேறினால் அந்த ஒயிலில் ஆவிக் குமிழி பிறக்கும். பிறகு மிதித்தால் பெடல் தரைவரை போகும், கார் நிற்காது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றினால் போதும், செலவும் பெரிதல்ல. ஆனாலும் "குறைஞ்சிருந்தா கொஞ்சம் விட்டுவிடுங்கோ" என்பதோடு நாங்கள் முடித்துவிடுகிறோம்.

கூலன்ட்டும் இப்படித்தான். ரொயோட்டாவின் இளஞ்சிவப்புக் கூலன்ட் முதல் தடவை 1,60,000 கிலோமீற்றர் வரை தாங்கும் என்கிறார்கள். நடுவில் கிணற்றுத் தண்ணீரை விட்டால் அந்தக் கணக்குச் செல்லாது. யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் நிலத்தின் தண்ணீர் கேத்தலின் அடியில் என்ன செய்கிறது என்று எல்லோரும் பார்த்திருக்கிறோம். ரேடியேற்றருக்குள்ளும் அதையேதான் செய்யும். சென்னையின் போர்வெல் தண்ணீரும் சளைத்ததல்ல.

ஹைபிரிட் கார் விடயத்தில் மட்டும் இந்தியர் எங்களிடம் கேட்டுக்கொள்ளலாம். பின் இருக்கைக்கு அருகே பற்றறிக்குக் காற்று இழுக்கும் துவாரத்தில் தூசி அடைத்தால் பற்றறி சூடேறிச் சாகும் என்பதை நாங்கள் காசு கொடுத்துக் கற்றோம். சிவிடி கியர்பெட்டிக்கு அதற்குரிய ஒயிலைத் தவிர வேறெதையும் விடக்கூடாது என்பதையும் அப்படியே கற்றோம்.

அடுத்த சேர்விஸுக்குப் போகும்போது ஒன்று செய்யுங்கள். ஸ்டிக்கரிலோ ஜாப் கார்டிலோ கிலோமீற்றருக்குக் கீழே, பிரேக் ஒயில் மாற்றிய மாதத்தையும் ஆண்டையும் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத நாள் எதுவும் கிடைக்காவிட்டால், அன்றைக்கே மாற்றிவிட்டு வீட்டுக்கு வாருங்கள்.