மௌனியும் இமையமும்: ஒரே சாலையில் இருவகை மரணம்

கடலூர் மாவட்டத்தில், சிதம்பரத்திலிருந்து விருத்தாசலம் செல்லும் சாலையின் நடுப்பகுதியில் வெள்ளாற்று அணைக்கட்டை ஒட்டியுள்ள ஊர் சேத்தியாத்தோப்பு. அங்கிருந்து கிழக்கே சென்றால் மௌனி (1907–1985) வாழ்ந்த சிதம்பரம். மேற்கே சென்றால் இமையம் வாழும், பீங்கான் தொழிலுக்குப் பெயர்பெற்ற விருத்தாசலம். இருவரும் மரணத்தைத் தீவிரமாக எழுதியவர்கள். ஆனால் இருத்தலியல், அந்நியமாதல் போன்ற சொற்கள் மௌனிக்கே வழங்கப்படுகின்றன. இமையத்தின் படைப்புகள் யதார்த்தவாதம் என்ற தலைப்பில் வைத்து முடிக்கப்படுகின்றன. இந்தப் பிரிவினை அவ்வளவு சரியானதல்ல.

மௌனியின் கதைகள் 1936 முதல் 'மணிக்கொடி'யில் வெளிவந்தன. அவருடைய மாந்தர்கள் பலருக்குப் பெயரில்லை. பிழைப்பைப் பற்றிய கவலையும் அதிகமில்லை. 'பிரபஞ்ச கானம்' கதையில் பாடக்கூடாது என்று தடுக்கப்பட்ட பெண் தன் திருமணத்தன்று பாடி உயிர்விடுகிறாள். அச்சாவு துக்கத்தைவிட விடுதலையாகவே கதையில் நிகழ்கிறது. ஆல்பெர் காம்யுவின் 'அந்நியன்' பிரெஞ்சில் 1942இலும், வெ. ஸ்ரீராமின் தமிழாக்கம் 1980இலும் வந்தன. எனவே மௌனியின் தொடக்ககாலக் கதைகளிலுள்ள தனிமையை அந்நாவலின் எதிரொலி என்று சொல்ல வழியில்லை. பிற்காலத்தில் நகுலனும், 'இடைவெளி' (1984) நாவலில் சாவு என்றால் என்ன என்ற ஒரே கேள்வியோடு அலையும் தினகரனைப் படைத்த சம்பத்தும் இவ்வழியில் வைத்துப் பேசப்படுகின்றனர். இவர்களுடைய மாந்தர்களுக்கு ஒதுங்கி உட்கார்ந்து யோசிக்கக் கொஞ்சம் அவகாசம் வாய்த்திருக்கிறது.

இமையத்தின் 'பெத்தவன்' (2012) கதையில் வரும் பழனிக்கு வாய்ப்பது ஓர் இரவு மட்டுமே. தலித் இளைஞனைக் காதலிக்கும் மகளைக் கொன்றுவிட வேண்டும் என்பது ஊர்ப் பஞ்சாயத்தின் முடிவு. அவர் ஒப்புக்கொள்கிறார். இரவில் மகளைத் தப்பவைத்துவிட்டு நஞ்சருந்திச் சாகிறார். தற்கொலையைத் தத்துவத்தின் முதன்மையான பிரச்சினையாகக் காம்யு கண்டார். வாழ்வுக்குப் பொருள் உண்டா என்பது அவருடைய கேள்வி. பழனிக்கு அந்தக் கேள்வி எழுவதில்லை. மகளின் உயிருக்கு ஊர் கேட்கும் விலையை அவர் தருகிறார். ஆனாலும் தன் செயலைத் தானே தேர்ந்து அதன் முழுப் பொறுப்பையும் ஏற்கிற மனிதர் என்ற வகையில், இருத்தலியல் பேசும் சுதந்திரத்துக்கு இவரைவிடப் பொருத்தமான மாந்தர் தமிழில் குறைவு. இது வெறும் கற்பனை நெருக்கடியுமல்ல. 2003இல் விருத்தாசலம் அருகே சாதி மாறி மணந்த இருவர் நஞ்சு புகட்டிக் கொல்லப்பட்டனர். அவ்வழக்கில் கடலூர் நீதிமன்றத்தின் தீர்ப்பு வர 2021 ஆனது.

சாகித்திய அகாதமி விருதுபெற்ற 'செல்லாத பணம்' (2018) நாவலின் பெரும்பகுதி புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையில் நடக்கிறது. பொறியியல் படித்த ரேவதி, வீட்டாரை மீறி ஆட்டோ ஓட்டுநர் ரவியை மணந்தவள். தீக்காயங்களோடு அங்கே கிடக்கிறாள். தந்தை நடேசனிடம் பணம் இருக்கிறது, செலவழிக்க மனமும் இருக்கிறது. ஆனால் பணத்தால் ஆவது ஒன்றுமில்லை. தாயின் சாவுக்கு அழாதவன் என்பதற்காகவும் சேர்த்தே காம்யுவின் மெர்சோ தண்டிக்கப்படுகிறான். இங்கே எல்லோரும் அழுகிறார்கள். சுற்றம் முழுவதும் வாசலில் நின்றும், தீப்புண் பிரிவுக்குள் ரேவதி தனியாகத்தான் சாகிறாள். உறவுகள் அற்றுப்போவதால் வருவதுதான் அந்நியமாதல் என்ற புரிதலை இந்நாவல் அசைத்துப் பார்க்கிறது. இங்கே அது உறவின் நடுவிலேயே விளைகிறது.

உரையாடல்கள் நீள்கின்றன, சொன்னதே திரும்ப வருகிறது என்பது இமையத்தின் மீது சொல்லப்படக்கூடிய குறை. மற்ற இடங்களில் அது ஓரளவு பொருந்தலாம். மருத்துவமனை வாசலில் காத்திருப்பவர்கள் அப்படித்தான் பேசுவார்கள்.

ரவியையும் நாவல் எளிதாக வில்லனாக்கிவிடவில்லை. பர்மாவிலிருந்து திரும்பிய குடும்பத்தைச் சேர்ந்த அவனை ரேவதியின் வீட்டார் ஒருநாளும் தம்மவனாக ஏற்றதில்லை. அவன் செய்த கொடுமைகளை மறைக்காமலே, அவன் தரப்பைச் சொல்லவும் இமையம் இடம் தருகிறார். மனைவி உள்ளே செத்துக்கொண்டிருக்க, அவளுடைய உறவினர் கூட்டத்தில் சேர முடியாமல் அவனும் அங்கேதான் நிற்கிறான்.