விதியும் நெறியும்: அம்பேத்கர் பேசாத உரை

மாட்டுங்காவிலிருந்து நடந்தே போனாலும் சிறிது நேரத்தில் தாதர் இந்துக் காலனி வந்துவிடும். டாக்டர் அம்பேத்கர் தம் புத்தகங்களை வைப்பதற்கென்றே பார்த்துப் பார்த்துக் கட்டிய ராஜகிருகம் அங்கேதான் இருக்கிறது. நாற்பது வருஷமாக அந்தத் தெரு வழியாகப் போய்வருகிறேன். ஆனால் அவருடைய 'சாதி ஒழிப்பு' நூலை முழுதாகப் படித்தது வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகுதான். படித்தபின் ஒரு பழைய விஷயம் நெஞ்சில் உறுத்தத் தொடங்கியது. அதையும் சேர்த்தே இங்கே எழுதுகிறேன்.

நூலின் கதை பலருக்கும் தெரிந்ததே. 1936இல் லாகூரின் ஜாத்-பாத்-தோடக் மண்டலம் என்ற சீர்திருத்தச் சங்கம் தன் ஆண்டு மாநாட்டுக்குத் தலைமை தாங்க அவரை அழைத்தது. உரையின் கைப்படியைப் பார்த்தபின் சில பகுதிகளை நீக்கச் சொன்னது. ஒரு காற்புள்ளியைக்கூட மாற்ற மாட்டேன் என்றார் அவர். மாநாடு நின்றுபோனது. தம் செலவிலேயே 1500 படிகள் அச்சிட்டார், இரண்டே மாதத்தில் தீர்ந்தன. விலை எட்டணா. காந்தியடிகள் 'ஹரிஜன்' இதழில் நூலை மறுத்து எழுதியபோது, இரண்டணா அல்லது நாலணா வைத்திருக்கலாமே என்று விலையையும் விமரிசித்தார்! 1937இல் வந்த இரண்டாம் பதிப்பின் முன்னுரையில், குஜராத்தியிலும் தமிழிலும் நூல் ஏற்கெனவே வந்துவிட்டதாக அம்பேத்கர் குறிப்பிடுகிறார். அவ்வளவு சீக்கிரம் தமிழுக்கு வந்த நூல், நம்மில் எத்தனை வீட்டு அலமாரியில் இருக்கிறது?

நூலின் உயிர்நாடி என்று நான் கருதுவது சாதியைத் தாக்கும் பக்கங்களை அல்ல. கடைசிப் பகுதியில் விதி வேறு, நெறி வேறு என்று அவர் பிரித்துக் காட்டும் இடத்தைத்தான். விதி, இதைச் செய், இப்படிச் செய் என்று முடிந்த முடிவாகச் சொல்கிறது. நெறி அப்படிச் சொல்வதில்லை. எதைச் செய்வது என்று தீர்மானிக்கும்போது எதை எடைபோட வேண்டும் என்று காட்டுகிறது, அவ்வளவே. விதிப்படி நடப்பவனுக்குப் பொறுப்பு இல்லை, நெறிப்படி நடப்பவன் தன் செயலுக்குத் தானே பதில் சொல்ல வேண்டும். விதிகளின் மூட்டையாகிவிட்ட மதம் மதமே அல்ல, அது சட்டம் என்கிறார். மதம் என்ற பெயர் ஒட்டியிருப்பதால்தான் அந்தச் சட்டத்தைத் திருத்த யாருக்கும் துணிவு வருவதில்லையாம்.

இந்தப் பாகுபாடு அவர் தாமே கண்டதல்ல. கொலம்பியாவில் அவருக்கு ஆசிரியராக இருந்த ஜான் ட்யூயி, டஃப்ட்ஸுடன் சேர்ந்து 1908இல் எழுதிய அறவியல் நூலில் இருப்பதுதான். ஆனால் ட்யூயியின் கையில் அது வகுப்பறைப் பாடம். அதைக் கோயில் வாசலில் கொண்டுவந்து நிறுத்தியவர் அம்பேத்கர்.

இப்போது அந்தப் பழைய விஷயம். தமிழ்நாட்டில் 2006க்குப் பிறகு அரசு தொடங்கிய பயிற்சிப் பள்ளிகளில் எல்லாச் சாதி இளைஞர்களும் அர்ச்சகர் படிப்பு படித்தார்கள். இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் படித்து முடித்தும் வழக்கினால் வேலையின்றி நின்ற வருஷங்கள் அவை. அவர்களில் ஒரு பையன் இங்கே எங்கள் சிறு கோயிலுக்கு விண்ணப்பம் போட்டுக்கொண்டு வந்தான். கமிட்டி முன் ருத்ரம் சொன்னான், தேவாரம் பாடினான். "சிவதீட்சை வாங்கியிருக்கேங்கய்யா," என்றான். அவனை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுப் பேசினோம். தலைவர், "பையன் நல்லாத்தான் சொல்றான். ஆனா ஊர் என்ன சொல்லும்?" என்றார். எந்த ஊர் என்று யாரும் கேட்கவில்லை. "ஆகமப்படி பொருத்தமானவர் கிடைக்கும்வரை ஒத்திவைக்கப்பட்டது" என்று மினிட்ஸ் புத்தகத்தில் எழுதினோம். எழுதினோம் என்ன, துணைச் செயலாளர் என்ற முறையில் என் கைதான் எழுதியது. வார நாளில் வந்த திருக்கல்யாணத்தை ஆபீஸ் போகிறவர்களுக்காக ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிவைத்த கமிட்டிதான் நாங்கள். அப்போது ஆகமம் யார் நினைவுக்கும் வரவில்லை.

அம்பேத்கர் சொல்லும் தீர்வு என்ன? புரோகிதம் ஒழிய வேண்டும். முடியாவிட்டால் பரம்பரை உரிமையாக இருப்பதாவது நிற்க வேண்டும். அரசு தேர்வு நடத்திச் சான்று கொடுக்க வேண்டும். சான்று இல்லாதவர் செய்யும் சடங்கு சட்டப்படி செல்லக்கூடாது. ஐ.சி.எஸ். போல எண்ணிக்கையும் வரையறுக்கப்பட வேண்டும். வைத்தியருக்கும் வக்கீலுக்கும் தகுதி கேட்கிறோம், புரோகிதருக்கு மட்டும் பிறப்பு போதுமா என்ற அவர் கேள்விக்கு இன்றுவரை நேரான பதில் வரவில்லை.

ஆனால் இந்த இடத்தில் எனக்கு ஒரு மனத்தாங்கல். விதிகள் வேண்டாம், நெறி போதும் என்று வாதாடியவரே அடுத்த பக்கத்தில் விதிகளாக அடுக்குகிறாரே? சர்க்கார் தரும் சான்று மந்திரம் தெரியுமா என்று அளக்கும். தட்டை நீட்டுகிறவன் மனதை அளக்குமா? தமிழ்நாட்டு அனுபவத்தைப் பார்த்தால் இந்த ஐயம் வலுக்கிறது. 1971இல் நடைமுறைக்கு வந்த திருத்தச் சட்டம் பரம்பரை அர்ச்சகர் உரிமையை எடுத்தது. 1972இல் சேஷம்மாள் வழக்கில் உச்ச நீதிமன்றம் அது செல்லும் என்றது. அர்ச்சகரை நியமிப்பது உலகியல் காரியம். ஆனால் ஆகமம் குறிப்பிடும் வகையினரைத்தான் நியமிக்க வேண்டும் என்றும் சொல்லிவிட்டது. மகன் என்ற உரிமை போயிற்று, குலம் என்ற வேலி நின்றது. 2015 தீர்ப்பும் ஆகமத்தை விடவில்லை. கோயிலுக்குக் கோயில் பார்த்து முடிவு செய்யச் சொன்னது. பயிற்சிப் பள்ளிகளில் படித்தவர்களில் 24 பேருக்கு 2021 ஆகஸ்டில்தான் பணி ஆணை கிடைத்தது.

நீதிபதிகளை மட்டும் குறை சொல்வது நியாயமல்ல. சமய உரிமை பற்றிய 25, 26ஆம் பிரிவுகள் அவர்கள் கையைக் கட்டுகின்றன. அவற்றை எழுதிய குழுவின் தலைவரும் அம்பேத்கர்தான். ஆனால் 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் அவர் ஓர் எச்சரிக்கையும் விடுத்தார்: இந்நாட்டில் பிறப்பு முதல் இறப்பு வரை எல்லாமே மதம் என்றாகிவிட்டது, இந்த எல்லையைச் சுருக்காவிட்டால் சமூகச் சட்டம் எதுவுமே செய்ய முடியாது. சுருக்கும் வேலையை நீதிமன்றம் பாதியில் நிறுத்திவிட்டது என்றே நினைக்கிறேன்.

திரும்ப ஒருமுறை நூலைப் படித்தபோது என் மனத்தாங்கல் ஓரளவு தளர்ந்தது. சாதி என்பது செங்கல் சுவர் அல்ல, மனத்தின் ஒரு நிலை என்று முன்பக்கங்களிலேயே சொல்லிவிடுகிறார். சாஸ்திரத்தின் அதிகாரம் மனதிலிருந்து இறங்க வேண்டும், இது முதல். அர்ச்சகர் தேர்வு அதற்குப் பின்னால் வருவது. நாம் பின்னதை மட்டும் எடுத்துச் சட்டமாக்கினோம். அவர் முன்னால் வைத்ததைப் படிக்கவேயில்லை. எங்கள் கோயிலில் தலையிட எந்தத் தமிழ்நாட்டுச் சட்டமும் இங்கே வராது. எங்களைத் தடுக்கவும் எந்தச் சட்டமும் இல்லை. முழுச் சுதந்திரத்தோடு உட்கார்ந்துதான் அந்த வரியை எழுதினேன். பொறுப்பைத் தட்டிக்கழிக்க விதி எவ்வளவு வசதி என்று அம்பேத்கர் சொன்னது லாகூர்க்காரர்களுக்கு மட்டும் அல்ல.

எங்கள் குருக்கள் வயதாகிவிட்டது என்று ஊருக்குத் திரும்பப் போகிறார். புதியவருக்கான விண்ணப்பங்கள் வரத் தொடங்கியிருக்கின்றன. அவற்றைப் பார்க்க நியமித்த மூவரில் நானும் ஒருவன். மினிட்ஸ் எழுதும் வேலையும் மறுபடி என்னிடமே வந்திருக்கிறது.