குணங்குடியார் காட்டும் சமரசம்

குணங்குடி மஸ்தான் சாகிபுவைத் தாயுமானவரோடு ஒப்பிட்டுப் போற்றுதல் திறனாய்வாளரிடையே வழக்காகிவிட்டது. இருவரும் பராபரக்கண்ணி பாடினர். இருவரும் துறவை விரும்பினர். எனவே அவ்வொப்பீடு பொய்யன்று. ஆயினும், எல்லாச் சமயமும் ஒன்றே என்று கூறிச் சமய வேறுபாட்டைக் கரைத்தவர் அவர் என்று அதிலிருந்து முடிவு கட்டுதல் அவர் பாடல்களுக்குப் பொருந்துவதன்று.

சுல்தான் அப்துல் காதிர் என்னும் இயற்பெயருடைய இப்பெரியார், தொண்டிக்கு அண்மையிலுள்ள குணங்குடியிற் பிறந்து, 1838இல் மறைந்து, சென்னை இராயபுரத்தில் அடக்கமாயினார். பகுதாதிற் சமாதிகொண்ட முகியித்தீன் அப்துல் காதிர் ஜீலானியை முகியித்தீன் சதகத்தாற் போற்றியவர் அவர். தம் ஞானகுரு மரபை அவர் எங்கும் மறைத்தாரல்லர். அவரே அகத்தீசர் சதகமும் நந்தீசுவரக் கண்ணியும் பாடினார். தம் சமயத்தில் வேரூன்றி நின்றே பிறர் சொல்லை அவர் ஆண்டார் என்பதே இதனாற் பெறப்படும்.

மனோன்மணிக் கண்ணி இதற்குத் தக்க சான்று. மனோன்மணி என்பது சைவர் சத்திக்கு வழங்கும் பெயர். தமிழ்ப் பத்திப் பாடல்களில் உயிர் தலைவியாகவும் இறைவன் தலைவனாகவும் நிற்றலே பெருவழக்கு. குணங்குடியாரோ பரம்பொருளைத் தலைவியாக்கித் தாம் காதலராய் நின்று ஏங்குகிறார். இறைவனைக் காதலிக்கப்படும் பேரழகாகக் காண்பது சூபிகளின் நெறி. பெயர் தமிழ்ச் சைவத்தினது; உறவு சூபியத்தினது. இரண்டும் தத்தம் இயல்பு கெடாமலே ஒரு பாட்டில் இணைந்துள்ளன. யோகநூற் கலைச்சொற்கள் மிக்குச் செறிந்த சில இடங்களிற் பாட்டின் உணர்ச்சி தளர்கின்றது என்பதையும் நடுநிலையாளர் மறுத்தல் இயலாது. கண்ணிகளின் எளிமையிலேயே அவர் வெற்றி விளங்குகின்றது.

அவர் பதவி எதுவும் வகித்தவரல்லர், செல்வமும் நாடினாரல்லர். அவ்வாறிருந்தும் சைவப் பெரும்புலவர் திருத்தணிகைச் சரவணப்பெருமாளையர் அவர்மீது நான்மணிமாலை பாடினார். புகழ்ந்தவர் தம் சைவத்தை விட்டாரல்லர். புகழப்பெற்றவரும் அதனை விடுமாறு வேண்டினாரல்லர்.

பல சமயத்தார் வாழும் நாட்டை நடத்த முற்படுவோர் கற்கவேண்டிய பாடம் இதுவே. எல்லாம் ஒன்றென மேடையிற் கூறுதல் எளிது. அதற்குக் கல்வி வேண்டுவதில்லை. அயலார் தம் தெய்வத்தை அழைக்கும் சொல்லை அதன் பொருளறிந்து, பிழையறச் சொல்லப் பயிலுதல் அரிது. அப்பயிற்சியின்றிப் பேசப்படும் சமரசம், அயலாரை அறியாமைக்கு இட்ட அழகிய பெயரேயாகும்.