‘ஒரு தடவை பாக்கலாம்’

புதுப்படம் வந்த வாரத்தில் சென்னையின் மேற்கே அம்பத்தூர் எஸ்டேட் (தொழிற்பேட்டை) பக்கம் ஒரு டீக்கடையில் சற்று நேரம் நின்றால் போதும், படத்தைப் பற்றி நான்கைந்து தீர்ப்புகளாவது காதில் விழும். ‘செம’, ‘மொக்கை’, ‘ஓகே ரகம்’, ‘ஒரு தடவை பாக்கலாம்’, ‘ஓடிடில வரட்டும், பாத்துக்கலாம்’. ஏன் என்று யாரும் திருப்பிக் கேட்பதில்லை. கேட்டாலும் பதில் வருவதற்குள் டீ தீர்ந்துவிடும், ஷிப்டுக்கு மணி ஆகிவிடும். இந்தப் பேச்சை விமர்சகர்கள் இளக்காரமாகப் பார்க்கிறார்கள். தயாரிப்பாளர்களோ அதற்கு நடுங்கி நீதிமன்றம் வரை போய்விட்டார்கள். இளக்காரம், நடுக்கம் இரண்டுமே இந்தப் பேச்சைச் சரியாகக் காதில் வாங்காததால் வந்தவை.

பத்திரிகைகள் ஒருகாலத்தில் இதை மதித்திருக்கின்றன. ஆனந்த விகடன் 1960களில் சினிமா விமர்சனத்தை இரண்டு பேர் பேசிக்கொள்வதுபோல வெளியிட்டது. சேகர்–சந்தர் ஒரு ஜோடி, முனுசாமி–மாணிக்கம் இன்னொரு ஜோடி. ஒருவர் புகழ்வார், மற்றவர் வாருவார், படத்தின் நிறைகுறை அந்த இழுபறியில் வெளிப்படும். பிறகுதான் மதிப்பெண் வந்தது. 1977இல் ‘16 வயதினிலே’ வாங்கிய 62.5 மதிப்பெண்ணை இன்றும் ஆட்கள் நினைவில் வைத்திருக்கிறார்கள். அந்த விமர்சனத்தில் என்ன எழுதியிருந்தது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. எண் நிற்கிறது, பேச்சு போய்விடுகிறது. இன்றைய ஒற்றைச்சொல் தீர்ப்புக்கு டீக்கடையை மட்டும் குறைசொல்ல முடியாது.

அந்த டீக்கடை இருக்கும் மேற்குப் புறநகருக்கு இன்னொரு வரலாறும் உண்டு. அம்பத்தூர் 2011இல்தான் சென்னை மாநகராட்சிக்குள் வந்தது. ஆவடி 2019இல் தனி மாநகராட்சி ஆனது. பூந்தமல்லி அப்போதும் நகராட்சிதான். சினிமா விநியோகக் கணக்கில் இந்தப் பகுதி சென்னை சிட்டியில் சேராது, செங்கல்பட்டு ஏரியா. புதுப்படம் முதலில் மவுண்ட் ரோட்டுத் தியேட்டர்களில் ஓடி, பிரிண்ட் தேய்ந்து, மழைக்கோடுகளோடு இங்கே வந்துசேர்ந்த காலம் இருந்தது. படத்துக்கு முன்னால் பேச்சு வந்துவிடும். ஆவடி டாங்கி ஃபேக்டரியிலும் எஸ்டேட்டிலும் வேலைசெய்தவர்களில் யாராவது ஞாயிற்றுக்கிழமை ரயிலேறிப் போய்ப் பார்த்துவிட்டு, திங்கட்கிழமை கதை சொல்வார். அந்தக் கதைக்கு வாரக்கணக்கில் அவகாசம் இருந்தது. மாற்றிச் சொல்ல ஆள் இருந்தது, இரண்டாவது முறை பார்த்துவிட்டு முதல் கருத்தைக் கைவிடவும் இடம் இருந்தது.

அந்த அவகாசம்தான் சில படங்களைப் பிழைக்கவைத்தது. 1978 ஆகஸ்ட் 15 அன்று வெளியான ‘முள்ளும் மலரும்’ முதல் வாரங்களில் கூட்டமில்லாமல் தள்ளாடியது. பார்த்தவர்கள் சொல்லிச் சொல்லித்தான் எழுந்து நின்றது. 1999 டிசம்பரில் ‘சேது’வுக்கு முதலில் கிடைத்தது ஒரு பகல் காட்சி, அதுவும் காலி இருக்கைகளோடு. பிறகு அது நூறு நாள் ஓடியது. இந்தப் படங்களைக் காப்பாற்றியது எந்த எழுத்துமல்ல, ‘போய்ப் பாருய்யா’ என்ற வாய்வார்த்தை.

இன்று கதை வேறு. டிஜிட்டல் புரொஜக்‌ஷன் வந்தபின் அம்பத்தூர் ராக்கி, முருகன், ஆவடி மீனாட்சி, திருநின்றவூர் வேலா எல்லாவற்றுக்கும் மவுண்ட் ரோட்டுக்கும் ஒரே நாள், ஒரே நேரம். வேடிக்கை என்னவென்றால், பேச்சு மட்டும் இப்போதும் முந்திக்கொள்கிறது. 2023 பொங்கலுக்கு ‘துணிவு’ம் ‘வாரிசு’ம் நள்ளிரவிலும் விடியற்காலையிலும் திரையிடப்பட்டு, கோயம்பேடு அருகே கொண்டாட்டத்தில் ஓர் இளைஞர் உயிரிழந்தபின், தமிழ்நாட்டில் பெரிய படங்களுக்கு முதல் காட்சி காலை 9 மணி என்றாகிவிட்டது. கேரளத்திலும் கர்நாடகத்திலும் அதற்குள் ஒரு காட்சி முடிந்திருக்கும். 9 மணிக்கு ராக்கியில் உட்காருகிறவர், பாலக்காட்டுக்காரரும் பெங்களூர்க்காரரும் போட்ட தீர்ப்பை வாட்ஸ்அப்பில் படித்துவிட்டுத்தான் உட்காருகிறார். மவுண்ட் ரோடு போய் பாலக்காடு வந்திருக்கிறது. அப்போது ஆறப்போட நேரம் இருந்தது, இப்போது இல்லை.

இனி, இந்தப் பேச்சின் பலம் எங்கே இருக்கிறது என்று பார்க்கலாம். பார்த்தவரின் உடம்புக்கும் கைத்தொழிலுக்கும் பக்கத்தில் நிற்கும்போது அதற்கு ஈடில்லை. 2024 நவம்பர் 14 அன்று ‘கங்குவா’ வந்தபோது பலரும் முதலில் சொன்னது கதையைப் பற்றி இல்லை. ‘காது போச்சு’ என்றார்கள். சினிமா தெரியாதவர்களின் புலம்பல் என்று அதைத் தள்ள முடியவில்லை. ஆஸ்கர் வாங்கிய ஒலி வடிவமைப்பாளர் ரசூல் பூக்குட்டி அதே குறையைப் பொதுவெளியில் எழுதினார். தயாரிப்பாளரும் ஒலியளவை இரண்டு புள்ளி குறைக்கும்படி தியேட்டர்களிடம் சொல்ல நேர்ந்தது. பார்வையாளரின் காது நிபுணரின் காதுக்கு எந்த வகையிலும் குறைந்ததாக இல்லை.

எஸ்டேட்டில் லேத் ஓட்டும் நண்பர் ஒருவர் படங்களில் வரும் பட்டறைக் காட்சிகளை மட்டும் விடாமல் கவனிப்பார். ‘கையில கிளவுஸ் மாட்டிக்கிட்டு லேத்துகிட்ட நிக்கிறான் பாரு ஹீரோ. சக் சுத்துறப்ப கிளவுஸ் மாட்டுச்சுன்னா கையையே இழுத்துக்கும். இவன் ஒருநாளும் வேல செஞ்சவன் இல்ல’ என்றார் ஒருமுறை. ஒரு கதாபாத்திரம் நம்பும்படி இல்லை என்பதை இதைவிடத் துல்லியமாக எந்த மதிப்புரையிலும் நான் படித்ததில்லை. 2024இல் ‘லப்பர் பந்து’ வந்தபோதும் இப்படித்தான். இங்கே ஞாயிற்றுக்கிழமை காலியிடம் எங்கே கிடைத்தாலும் ரப்பர் பந்து கிரிக்கெட் நடக்கும். அந்த ஆட்டக்காரர்கள் படத்தில் நடித்த தினேஷின் பேட் பிடிப்பை அலசினார்கள். பிறகு, திறமையிருந்தும் ஒருவனை அணியில் சேர்க்காமல் ஓரங்கட்டும் காட்சிக்கு வந்து கொஞ்சம் குரலைத் தாழ்த்தினார்கள். படம் சாதியைப் பற்றி என்ன சொல்கிறது என்பதை அவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

‘முதல் பாதி ஓகே, செகண்ட் ஹாஃப் இழுவை’ என்று பாதிபாதியாகப் பிரித்துப் பேசுவதைப் படித்தவர்கள் கிண்டலடிப்பதுண்டு. அது அவ்வளவு மடமை இல்லை. நம் படங்கள் இடைவேளையை மனத்தில் வைத்தே எழுதப்படுகின்றன. இன்டர்வல் பிளாக்கை முதலில் முடிவுசெய்துவிட்டு மற்றதைக் கட்டுகிற இயக்குநர்கள் உண்டு. கட்டியவன் போட்ட கோட்டிலேயே பார்ப்பவனும் பிரிக்கிறான். ‘ஒரு தடவை பாக்கலாம்’ என்பதும் அப்படியே. மல்டிபிளெக்ஸ் டிக்கெட் வரியோடு மலிவாக வருவதில்லை. நான்கு பேர் போனால், பார்க்கிங்கும் பாப்கார்னும் சேர்ந்து ஆயிரம் ரூபாய் சுலபமாகத் தாண்டும். ஒரு தடவை என்பது அந்த ஆயிரத்தைப் பற்றிய கறாரான ஆலோசனை.

பிசகு தொடங்குவது, பேசுபவர் தன் இருக்கையை விட்டு எழுந்துபோய் விநியோகஸ்தர் நாற்காலியில் உட்காரும்போது. ‘எனக்குப் பிடிச்சுது. ஆனா ஃபேமிலி ஆடியன்ஸுக்கு கனெக்ட் ஆவாது. பி, சி சென்டர்ல அடிவாங்கும்.’ இதை ஆவடியிலிருந்து மனைவி குழந்தையோடு போய்ப் படம் பார்த்துவிட்டு வந்தவரே சொல்கிறார். அந்தக் குடும்பப் பார்வையாளர் வேறு யார்? வியாபாரிகள் தங்கள் வசதிக்காகப் போட்ட வகைப்பாட்டில் இவரையும் ஒரு கட்டத்தில் அடைத்திருந்தார்கள். இப்போது இவர் அந்தக் கட்டத்தை வெளியிலிருந்து பார்த்து, அதற்குள் இருப்பவர்களுக்குப் பரிதாபப்படுகிறார். முதல் நாள் வசூல் எத்தனை கோடி, உலக அளவில் எத்தனை என்பது இவர் பேச்சில் வரும். தனக்கு எந்தக் காட்சியில் கண் கலங்கியது என்பது வராது. சொந்த அனுபவம் ஒன்றுதான் இந்தப் பேச்சின் முதல். அதை விட்டுவிட்டு இரவல் புள்ளிவிவரத்தில் பேசினால் மிச்சமென்ன?

‘லாக்’ (இழுவை) என்ற புகார் இன்னும் பெரிய சேதம் செய்திருக்கிறது. 2024 செப்டம்பர் 27இல் வெளியான ‘மெய்யழகன்’ முழுக்கப் பேச்சால் ஆன படம். ஓர் இரவு, இரண்டு ஆண்கள், பழைய ஊர். நீளம் என்ற முணுமுணுப்பு எழுந்த சில நாட்களிலேயே அதிலிருந்து 18 நிமிடங்களுக்கு மேல் வெட்டப்பட்டது. பேசிக்கொண்டே இருப்பதுதான் அந்தப் படத்தின் வேலை. அதில் பேச்சு அதிகம் என்று வெட்டினால் எதை வைத்துக்கொள்வது? முணுமுணுத்தவர்கள் வெட்டச் சொல்லவில்லை என்பது உண்மைதான். ‘நடுவுல கொஞ்சம் அசந்துட்டேன்’ என்று நண்பனிடம் சொல்வது ஒரு தகவல், அவ்வளவே. அசந்தது படத்தாலா, இரவு ஷிப்ட் முடித்துவிட்டுப் போனதாலா என்பது நண்பனுக்குத் தெரியும். முன்பின் தெரியாத படக்குழுவுக்குத் தெரியாது. அவர்கள் கத்தரியை எடுத்துவிட்டார்கள். பி.எஸ். வினோத்ராஜின் ‘கொட்டுக்காளி’க்கு நேர்ந்தது இதற்கும் மேலே. பின்னணி இசை இல்லை, முடிவு சொல்லப்படவில்லை. ‘க்ளைமாக்ஸ் எங்க?’ என்று கேட்டு எழுந்துவந்தார்கள். கேட்பது நியாயமான கேள்விதான். யாரும் அதற்கு அடுத்த கேள்விக்குப் போகவில்லை, அதுதான் குறை.

எனக்கு இந்தப் பேச்சில் பெரிய ஏமாற்றம் 2025 மே 1 அன்று வந்த ‘டூரிஸ்ட் ஃபேமிலி’யின்போது ஏற்பட்டது. சூர்யாவின் ‘ரெட்ரோ’வோடு ஒரே நாளில் வந்த சின்னப் படம். வாய்வார்த்தை அதைத் தூக்கி நிறுத்தியது, அந்த வகையில் மகிழ்ச்சி. ‘ஃபீல் குட் படம், குடும்பத்தோட போலாம்’ என்பதே எங்கும் கேட்ட தீர்ப்பு. கடல் தாண்டித் திருட்டுத்தனமாக வந்து, சென்னையில் ஒரு காலனியில் ஒளிந்து வாழும் ஈழக் குடும்பத்தின் கதை அது. பூந்தமல்லியில் ஈழத்தமிழர்களை அடைத்துவைத்த சிறப்பு முகாம் பல ஆண்டுகள் இருந்தது. ராஜீவ் காந்தி கொலை வழக்கை விசாரித்த தனி நீதிமன்றமும் அங்கேதான். 1998 ஜனவரி 28 அன்று 26 பேருக்கு மரண தண்டனை விதித்தது அது. அந்த ஊர்ச் சாலையில் பஸ்ஸுக்காக நின்று வளர்ந்தவர்கள் இந்தப் படத்தைப் பார்த்துவிட்டு வந்து, ‘நம்ம ஊர்ல இவங்கள எங்க வெச்சிருந்தாங்க தெரியுமா’ என்று ஒருவராவது சொல்வார்கள் என்று எதிர்பார்த்தேன். என் காதுக்கு வரவில்லை. லேத்தில் கிளவுஸைக் கண்டுபிடிக்கிற அதே கூர்மை இங்கே தூங்கிவிட்டது. படமும் அதைத் தாலாட்டித் தூங்கவைக்கிற படம்தான், அதையும் சொல்லவேண்டும்.

யாருடைய பேச்சு கணக்கில் வருகிறது என்பது தனிச் சிக்கல். முதல் காட்சி முடிந்ததும் தியேட்டர் வாசலில் மைக் நீட்டுகிறார்கள். அதன் முன்னால் நிற்பவர்கள் வேலைநாளில் காலை 9 மணிக்குப் படம் பார்க்க முடிந்த இளைஞர்கள், பெரும்பாலும் ரசிகர் மன்றத்து ஆட்கள், அல்லது எதிர் முகாம். எஸ்டேட்டில் எக்ஸ்போர்ட் கம்பெனிகளில் தையல் வேலை பார்க்கும் பெண்கள் ஞாயிற்றுக்கிழமைதான் தியேட்டருக்கு வருவார்கள். அவர்கள் வெளியே வரும்போது மைக் போயிருக்கும். அவர்கள் பேசுவது ஷேர் ஆட்டோவில். ஒரு நாயகி எத்தனை காட்சியில் வந்தாள், வேலைக்குப் போகிறவளா, அவள் சுடிதார் அந்தச் சம்பளத்துக்கு வாங்கக்கூடியதா என்று. ‘பப்ளிக் ரிவ்யூ’ என்ற பெயரில் நாம் கேட்பதில் இந்தப் பப்ளிக் இல்லை.

‘இந்தியன் 2’, ‘வேட்டையன்’, ‘கங்குவா’ அடுத்தடுத்து வாங்கிய அடிக்கு இந்த மைக்குகள்தான் காரணம் என்று 2024 நவம்பரில் தயாரிப்பாளர்கள் அறிக்கை விட்டார்கள். யூடியூபர்களைத் தியேட்டர் வளாகத்துக்குள் விடக்கூடாது என்றார்கள். பிறகு, வெளியான மூன்று நாட்களுக்கு விமர்சனமே கூடாது என்று நடப்புத் தயாரிப்பாளர் சங்கம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. டிசம்பர் 3 அன்று நீதிமன்றம் இடைக்காலத் தடை தர மறுத்தது. காசு வாங்கிக்கொண்டு படத்தைத் தூக்குபவர்களும் கவிழ்ப்பவர்களும் இல்லவே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அதே தயாரிப்பாளர்கள்தான் வாசல் மைக்கில் ‘தலைவா, பிளாக்பஸ்டர்’ என்று கத்தியதையெல்லாம் வெட்டி ஒட்டி, மறுநாள் விளம்பரமாகப் போட்டவர்கள்.

மூன்று நாள் என்ற கணக்கிலேயே விஷயம் வெளிப்பட்டுவிடுகிறது. வெள்ளி, சனி, ஞாயிறு. போட்ட பணத்தின் பெரும்பங்கை இப்போது அதற்குள் எடுத்தாக வேண்டும். ‘சேது’வுக்குக் கிடைத்த அவகாசத்தை எந்த விநியோகஸ்தரும் எந்தப் படத்துக்கும் தரத் தயாராக இல்லை. திங்கட்கிழமை முதல் கருத்துச் சொல்லிக்கொள்ளலாம் என்கிறார்கள். திங்கட்கிழமை காலையில் கூட்டமில்லாத படத்துக்கு அம்பத்தூரில் ஒரு நாளைக்கு ஒரு காட்சிதான் இருக்கும், அதுவும் எஸ்டேட்டில் எல்லாரும் வேலையில் இருக்கிற நேரத்தில்.