மேரியும் கோல்கொண்டும்: புதுச்சேரிக் கட்டட மரபின் அளவுகோல் குறித்து

மண்ணாடிப்பட்டு, வில்லியனூர், பாகூர் ஆகியவற்றின் ஊராட்சிப் பெயர்களில் ‘கொம்யூன்’ என்னும் பிரெஞ்சுச் சொல் இன்றும் நிலைத்திருக்கிறது. அதே ஆட்சிமுறையின் நகர்ப்புறச் சின்னமான மேரி கட்டடம், 19ஆம் நூற்றாண்டில் புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் எழுந்தது. பராமரிப்பின்றிச் சிதைந்து, 2014 நவம்பர் 29 அன்று மழையில் இடிந்து வீழ்ந்தது; பழைய தோற்றத்திலேயே மீளக் கட்டப்பெற்று 2021இல் திறக்கப்பட்டது. தூண்களும் வளைவுகளும் மீண்டன. ஆயின் உள்ளாட்சித் தேர்தல் 2006க்குப் பின் நடைபெறாமையால், திறப்பு நாளில் நகராட்சிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லை. முகப்பை மட்டும் மரபெனக் கொள்ளும் பார்வைக்கு இது குறையாகத் தோன்றாது.

இப்பார்வை எதைக் காணத் தவறுகிறது என்பதை அந்நகரின் மற்றொரு கட்டடம் காட்டுகிறது. அரவிந்தர் ஆசிரமத்தின் விடுதியான கோல்கொண்ட், அந்தோனின் ரேமண்டின் வடிவமைப்பில் 1937இல் கட்டத் தொடங்கப்பெற்றது. ஜார்ஜ் நகாஷிமாவும் பிரான்டிசெக் சாமரும் களத்தில் பணியாற்றினர். சண்டிகர் திட்டமிடப்படுவதற்குப் பத்தாண்டுக்கும் முன்னரே, வலுவூட்டிய கான்கிரீட்டில், வார்ப்புத் தடம் தெரிய எழுந்த நவீனக் கட்டடம் இது. நீண்ட பக்கங்கள் வடக்கும் தெற்கும் நோக்குகின்றன. ஆதலின் காலை, மாலை வெயில் அறைகளைச் சுடுவதில்லை. கண்ணாடிச் சன்னல் இல்லை. அப்பக்கங்கள் முழுவதும் திருப்பத்தக்க கிடைப்பலகைகளே சுவராக அமைந்து, மழையையும் வெயிலையும் தடுத்துக் காற்றை மட்டும் உள்ளே விடுகின்றன. கூரையின் மேல் வளைந்த கான்கிரீட் ஓடுகள் தனியடுக்காக நிற்க, இடைவெளிக் காற்று வெப்பத்தைக் குறைக்கிறது. வழித்தடத்துக்கும் அறைக்கும் இடையிலுள்ள தேக்குக் கதவுகள் மூடியபோதும் காற்றை மறிப்பதில்லை. பிரெஞ்சுப் பாணியும் தமிழ்ப் பாணியும் இதன் முகப்பில் இல்லை. இடத்தின் தட்பவெப்பத்துக்கு முறையாக விடையளிப்பதில் எந்த வளைவு முகப்பும் இதனை விஞ்சவில்லை.

பொருட்செலவும் உழைப்பும் மிகுந்த தனி விடுதியை நகராட்சி அலுவலகத்தோடு ஒப்பிடுதல் தகுமா என்பது நியாயமான மறுப்பே. கோல்கொண்டின் பெயரே ஐதராபாத் நிதியுதவியை நினைவூட்டுவது. எனினும் ஒப்பீடு செலவைப் பற்றியதன்று. ஒரு கட்டடம் தன் பணியை எங்ஙனம் செய்கிறது என்று கோல்கொண்டிடம் கேட்பவர், மேரியிடம் எப்படித் தோன்றுகிறது என்று மட்டும் கேட்டு அமைகின்றனர். பேரவை கூடும் இடம், மனுவோடு வருவோர் காத்திருக்கும் நிழல், பதிவேடுகள் ஈரமின்றி நிலைக்கும் அறை ஆகியவற்றை மீட்டெடுப்பின் நோக்கங்களாக முன்வைத்த விவாதம் மிகக் குறைவு. கொம்யூன் அலுவலகங்கள் புதிதாக எழும்போதும் இதே வினாக்கள் எழுப்பப்பட வேண்டியவை. அங்கே பாதுகாக்கத்தக்க முகப்பு ஏதும் இல்லை என்பது ஒருவகையில் வசதியே.