வாட்டர்லூ ஏன் கடைசியில் வருகிறது

விடுதியில் எங்கள் எல்லோருடைய கணினியிலும் அந்த ஃபோல்டர் இருந்தது. ‘ஆபா கோல்ட்’, பத்தொன்பது பாட்டு. யார் முதலில் கொண்டுவந்து போட்டார்கள் என்று யாருக்கும் தெரியாது. பொறியியல் படித்த நாலு வருஷத்தில் ஆங்கிலப் பாட்டு என்று எனக்குத் தெரிந்ததில் பாதி அதற்குள்தான். லீவுக்குக் கூரம் வந்து வீட்டில் போட்டால் அம்மா, “என்னடா அது, அப்பா பாட்டா?” என்பாள். தறியில் உட்கார்ந்திருக்கும் அப்பா கையை நிறுத்தாமல் சிரிப்பார்.

அந்தத் தொகுப்பின் மீது எனக்கு இப்போது ஒரு புகார் உண்டு. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

ஆபா என்ற ஸ்வீடன் நாட்டுக் குழு பாடுவதை நிறுத்தியது 1982இல். எண்பதுகளில் அவர்களைப் பிடிக்கும் என்று வெளியே சொல்லக் கூச்சப்பட்டவர்கள் நிறைய. 1992இல் எரேஷர் என்ற இங்கிலாந்து இரட்டையர் நாலு ஆபா பாட்டை எடுத்துப் பாட, அது அங்கே முதலிடம் போனது. அதே செப்டம்பரில் ‘கோல்ட்’ வந்தது. 2021இல் பிரிட்டிஷ் ஆல்பம் பட்டியலில் 1,000 வாரங்கள் இருந்த முதல் ஆல்பம் என்று பெயர் வாங்கியது. ஒரு குழுவை அதன் ஆல்பங்கள் அல்ல, ஒரு தொகுப்பு காப்பாற்றியது. இதை நான் மறுக்கவில்லை.

புகார் வரிசையைப் பற்றியது. முதல் பாட்டு ‘டான்சிங் குயின்’, 1976. நாலாவது ‘மம்மா மியா’, 1975. ஐந்தாவது 1980க்குத் தாவுகிறது. குழுவுக்கு உலகத்தைத் திறந்துவிட்ட ‘வாட்டர்லூ’, 1974 ஏப்ரலில் பிரைட்டனில் யூரோவிஷன் போட்டியை ஜெயித்த பாட்டு, பத்தொன்பதாவதாக, கடைசியில் வருகிறது. பார்ட்டிக்கு இது சரியான வரிசை. ஆடவிட்டு, கொஞ்சம் மூச்சு வாங்கவிட்டு, மறுபடி ஆடவிட்டு அனுப்பி வைக்கிறது. ஆனால் இந்த நாலு பேரும் இரண்டு ஜோடிகள். அவர்கள் பாட்டுக்கு ஒரு காலம் இருந்தது, அது ஒரு திசையில்தான் ஓடியது.

எட்டாவது பாட்டைக் கேளுங்கள். ‘த வின்னர் டேக்ஸ் இட் ஆல்’. பியோர்னும் அக்னேத்தாவும் பிரிந்துவிட்டதாக 1979 ஜனவரியில் வெளியே சொன்னார்கள். 1980இல் பியோர்ன் இந்த வரிகளை எழுதினார். பாடியது அக்னேத்தா. இது எங்கள் கதை இல்லை என்று பியோர்ன் சொல்லி வந்திருக்கிறார். இருக்கட்டும். முன்னாள் கணவன் எழுதிய, தோற்றவளின் வாக்குமூலத்தை முன்னாள் மனைவி மைக் முன் நின்று பாடுகிறாள். இதற்குமேல் கதை எதுக்கு? மெட்டு என்று பார்த்தால் இரண்டே துண்டு. பியானோ மேலிருந்து படியிறங்குகிற மாதிரி ஒரு சின்ன வரிசை, அது திரும்பத் திரும்ப வருகிறது. மெட்டு மாறவே மாறாது, அந்தக் குரல்தான் மாறிக்கொண்டே போகும். முதலில் நிதானம், பிறகு கெஞ்சல், பிறகு கிட்டத்தட்டக் கத்தல், கடைசியில் மறுபடி மரியாதை.

விடுதியில் நான் இதைத் தாண்டிவிட்டு அடுத்த பாட்டுக்குப் போவேன். அடுத்தது ‘மணி மணி மணி’. பணக்காரனைக் கட்டிக்கலாமா என்று கேட்கிற கிண்டல் பாட்டு. அழுதவள் கண்ணைத் துடைப்பதற்குள் நாடகக் கம்பெனி அடுத்த சீனுக்கு ஓடிவிட்டது.

பத்து வருஷம் கழித்து, குடும்ப நீதிமன்றத்தில் இரண்டு பேரும் சம்மதித்துப் போட்ட மனுவுக்குச் சட்டம் கொடுக்கிற ஆறு மாச அவகாசத்தில், நான் அந்தப் பாட்டைத் தனியாகக் கேட்டேன். நீதிபதி, தீர்ப்பு, தாயம் உருட்டும் தெய்வங்கள் எல்லாம் அதில் வருவதை அப்போதுதான் கவனித்தேன். அப்புறம் அது இருந்த ஆல்பத்தைத் தேடினேன். ‘சூப்பர் ட்ரூப்பர்’, 1980 நவம்பர். அங்கே அது இரண்டாவது பாட்டு. அதற்கு முன்னால், மேடை விளக்குக்குக் கீழே நிற்கிற ஒருத்தியின் தனிமை. பின்னால், வருஷப் பிறப்பன்று பார்ட்டி முடிந்த வீட்டின் வெறுமை. கடைசியில், வெம்ப்ளியில் ரசிகர்கள் முன் பாடிப் பதிவான பழைய நண்பர்களைப் பற்றிய பாட்டு. பிரிந்தவர்களும் பிரியப் போகிறவர்களும் சேர்ந்து நின்று பாடியது.

தொகுப்பது தப்பு என்று நான் சொல்லவில்லை. கூரத்துக்காரன் அப்படிச் சொல்ல முடியாது. தை மாசம் ஆழ்வான் உற்சவத்தில் கோஷ்டி சேவிப்பதைக் கேட்டு வளர்ந்தவன் நான். நாலாயிரம் ஒரு தொகுப்புதானே? வரிசையும் காலப்படி இல்லை. பக்கத்தில் காஞ்சித் திருவெஃகாவில் அவதரித்ததாகச் சொல்லப்படும் பொய்கையார் மூத்தவர்களில் ஒருவர், அவர் இயற்பாவுக்குப் போய்விட்டார். பின்னால் வந்த பெரியாழ்வாரின் பல்லாண்டு முதலில் நிற்கிறது. வாழ்த்திவிட்டுத்தான் தொடங்க வேண்டும் என்பதால். பயன்பாடு தீர்மானித்த வரிசை, ‘கோல்ட்’ போலவே.

ஆனால் நாதமுனிகள் கதை என்ன? யாரோ வழிப்போக்கர்கள் நம்மாழ்வாரின் குடந்தைப் பதிகத்தைச் சொல்லக் கேட்கிறார். ஆயிரத்தில் இந்தப் பத்து என்று அதிலேயே இருக்கிறது. மிச்சம் எங்கே என்று குருகூர் வரைக்கும் போகிறார். ஹிட் பாட்டைக் கேட்டவர் ஆல்பத்தைத் தேடிப் போனார். ‘கோல்ட்’ அந்தக் கேள்வியையே எழுப்பாது, அவ்வளவு நிறைவாக இருக்கிறது. 1982இல் வந்த ‘த டே பிஃபோர் யூ கேம்’, என் கணக்கில் அவர்களின் மிக நல்ல பாட்டு, அதில் கிடையாது. அடுத்த வருஷம் வந்த ‘மோர் ஆபா கோல்ட்’ என்கிற மிச்சசொச்சத்தில்தான் இடம். இன்றைக்கு ஆப்பில் வருகிற ‘பிரபலமானவை’ இன்னும் மோசம். நானே வேலையில் அப்படிப்பட்ட வரிசைப்படுத்தல் எழுதியிருக்கிறேன். கேட்டது மேலே போகும், மேலே இருப்பதையே மறுபடி கேட்பார்கள்.

இனி வாட்டர்லூ. வரிகளில் பெரும்பங்கு மேனேஜர் ஸ்டிக் ஆண்டர்சனுடையது. காதலும் ஒரு போர்தான், நெப்போலியன் மாதிரி தோற்றேன், தோற்றதில் எனக்குச் சந்தோஷம்தான் என்கிற பாட்டு. ஆறு வருஷம் கழித்து அதே வெற்றி தோல்விக் கணக்கை பியோர்ன் திரும்பத் திறக்கிறார், இந்தத் தடவை தோற்பதில் சந்தோஷம் ஒன்றும் இல்லை. 1980இன் பாட்டு 1974க்குப் பதில் என்றே நான் கேட்கிறேன். ‘கோல்ட்’ பதிலை எட்டாவதாகவும் கேள்வியைப் பத்தொன்பதாவதாகவும் வைத்திருக்கிறது.

போன மாசம் சென்னையிலிருந்து அப்பாவைக் காரில் ஊருக்குக் கூட்டிவந்தேன். அந்தப் பத்தொன்பதையும் வருஷ வரிசையில் அடுக்கிப் போட்டிருந்தேன். ஸ்ரீபெரும்புதூருக்கு முன்னால் வாட்டர்லூ. சுங்குவார்சத்திரம் தாண்டி ‘வின்னர்’ வந்தது. அப்பாவுக்கு ஆங்கிலம் தெரியாது. ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தவர் திரும்பி, “மொதல்ல குதிச்சுக்கிட்டுப் பாடுச்சுங்களே, அதுல ஒரு பொண்ணா இது?” என்றார்.

“ஆமாப்பா. ஆறு வருஷம் கழிச்சு.”

அவர் சவுண்டைக் கொஞ்சம் கூட்டச் சொன்னார்.